கடல் விலகினால்தான் விமானம்: பாரா தீவின் மணல் ஓடுபாதை

கேள்வி இதுதான்: "ஸ்காட்லாந்தில் ஏதோ ஒரு தீவில் கடற்கரை மணலிலேயே பயணிகள் விமானம் இறங்குகிறதாமே, அது நிஜமான விமான நிலையமா, இல்லை சுற்றுலா வருபவர்களுக்காக வைத்திருக்கும் வேடிக்கையா? மணலில் சக்கரம் புதையாதா? அவ்வளவு வசதியான நாட்டில் ஒரு தார் ஓடுபாதை போட முடியாதா?"

நிஜமான விமான நிலையம்தான். பாரா என்பது தீவின் பெயர். ஸ்காட்லாந்தின் மேற்கே, அட்லாண்டிக் கடலோரமாக வடக்குத் தெற்காக நீளும் வெளி ஹெப்ரிடீஸ் தீவுக் கூட்டத்தின் தென்கோடிப் பக்கம் இருக்கிறது. மொத்தப் பரப்பே 60 சதுர கிலோமீட்டர் அளவுதான். மக்கள் சுமார் 1,200 பேர். ஊரில் பெரியவர்கள் தங்களுக்குள் பேசுவது கேலிக் மொழி. கிளாஸ்கோவிலிருந்து லோகன்ஏர் நிறுவனத்தின் சிறிய விமானம் ஒரு மணி பத்து நிமிடத்தில் வந்துசேரும். டிக்கெட், பெட்டி எடை, கால அட்டவணை, தீயணைப்பு வண்டி எல்லாம் உண்டு. பிஆர்ஆர் என்று விமான நிலையக் குறியீடும் உண்டு. தார் போட்ட ஓடுபாதை மட்டும் கிடையாது. அந்த இடத்தில் ஒரு பெரிய கடற்கரை இருக்கிறது. உயர் ஓதத்தின்போது, அதாவது கடல்மட்டம் உயரும் வேளையில், அதன்மேல் கடல் ஏறி நிற்கும். கால அட்டவணைப்படி பயணிகள் விமானம் வந்துபோகும் விமான நிலையங்களில், கடல் ஏறி இறங்கும் மணல் ஓடுபாதை உள்ளது உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று சொல்கிறார்கள்.

கிளாஸ்கோவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபோது நான் இரண்டு முறை அங்கே போயிருக்கிறேன். விமானங்கள்மேல் சிறு வயதிலிருந்தே பைத்தியம், அதனால் முதல் முறை போனதே இறங்குவதைப் பார்க்கத்தான். இரண்டாவது முறை போனது அந்த ஊர்க்காரர்களிடம் உட்கார்ந்து பேச. உங்கள் கேள்விக்கு இரண்டாவது பயணம்தான் அதிகம் உதவுகிறது.

முதலில் மணல். எல்லாரும் கேட்பது இதைத்தான்.

கடற்கரையில் மேலே, காய்ந்த மணலில் நடந்தால் கால் கணுக்கால் வரை புதையும். அலை வந்து போகும் ஓரத்தில் நடந்தால் கால் தடம்கூட லேசாகத்தான் விழும். மணல் ஒன்றுதான், வித்தியாசம் தண்ணீரில். ஈரமான மணல் துகள்களுக்கு நடுவே தண்ணீர் மெல்லிய படலமாக நின்று ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. காய்ந்துவிட்டால் அந்தப் பிடி போய்விடும். தண்ணீர் அளவுக்கு மீறிப்போனாலும் பிடி போய்விடும், சேறு மாதிரி குழையும். நடுவில் இருக்கும் அந்த ஈரப் பதம்தான் விமானத்துக்கு வேண்டியது. இன்னொன்றையும் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நனைந்த மணலில் காலை அழுத்தி வைத்தால், காலைச் சுற்றி ஒரு வட்டம் சட்டென்று வெளுத்துக் காய்ந்ததுபோல் ஆகும். அழுத்தம் பட்டதும் நெருக்கமாகக் கிடந்த துகள்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இடைவெளி விடுகின்றன, மேலே இருந்த தண்ணீர் அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது. அந்த நொடியில் அங்கே மணல் முன்பைவிட இறுகியிருக்கும். சக்கரம் ஓடும்போது அதன் கீழும் இதுவே நடக்கிறது.

பாராவின் மணலுக்குக் கூடுதலாக ஒரு தன்மை இருக்கிறது. ட்ராய் வோர் என்பது அந்தக் கடற்கரையின் கேலிக் பெயர், 'பெரிய கடற்கரை' என்று பொருள். அது மட்டி விளையும் இடமாகப் பல நூற்றாண்டுகளாகவே பேர்பெற்றது. நல்ல வெள்ளை மட்டி. அதன் ஓடுகள் அலையில் அரைபட்டு அரைபட்டு மணலோடு மணலாகக் கலந்திருக்கின்றன. கையில் அள்ளிப் பார்த்தால் மாவு மாதிரி இருக்காது. நொய் அரிசியில் முட்டை ஓட்டை நொறுக்கிக் கலந்ததுபோல் இருக்கும். உருண்டைத் துகளைவிட இப்படி முனை முனையாக உடைந்த துகள்கள் ஒன்றோடொன்று நன்றாகக் கொக்கி போட்டுக்கொள்ளும். முதல் முறை இறங்கியபோது நான் ஷூ முனையால் மணலை நிமிண்டிப் பார்த்தேன். ஒரு விரற்கடை கூட உள்ளே போகவில்லை.

சரி, மணல் இறுக்கமானதுதான், ஆனால் எல்லா விமானமும் அதில் இறங்க முடியுமா? முடியாது. இங்கே வருவது ட்வின் ஆட்டர் என்ற கனடா நாட்டு விமானம். 19 பேர் உட்காரலாம். முழுச் சுமையோடு கிளம்பும்போதும் எடை ஐந்தே முக்கால் டன்னைத் தாண்டாது. இறக்கை உடம்புக்கு மேலே இருப்பதால் விசிறிகளும் எஞ்சின் வாயும் தெறிக்கும் உப்புத் தண்ணீரிலிருந்து தள்ளியே இருக்கும். சக்கரங்கள் மடங்கி உள்ளே போகாது, எப்போதும் தொங்கிக்கொண்டே இருக்கும். அதனால் மணல் புகுந்து கெட்டுப்போக அங்கே மடக்கும் பொறியே கிடையாது. மெதுவாக வந்து குறைந்த தூரத்தில் நின்றுவிடும், குறைந்த தூரத்தில் எழும்பியும்விடும். 1960களில் வடிவமைத்த விமானம் இது. நடுவில் தயாரிப்பையே நிறுத்திவிட்டு, பிறகு வேறொரு நிறுவனம் மறுபடி தயாரிக்க ஆரம்பித்தது. காரணம் எளிது: இந்த மாதிரி இடங்களுக்கு அதைவிட நல்லது ஒன்றும் வரவில்லை. பாராவுக்கும் டைரீ, கேம்பல்டவுன் ஆகிய ஊர்களுக்கும் ஓட்டுவதற்காக 2015இல் இரண்டு புதிய ட்வின் ஆட்டர்களை அரசுப் பணத்தில் வாங்கினார்கள்.

உப்பு மட்டும் விடாது. அலுமினியத்துக்குக் கடல் உப்பைப் போல எதிரி கிடையாது. கடற்கரையில் இறங்கிவிட்டுத் திரும்பும் விமானத்தைக் கிளாஸ்கோவில் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறார்கள். மீன்பிடி வலையை அலசிப் போடுவதுபோல் அது அன்றாட வேலை. சாதாரண ஓடுபாதையில் ஓடும் விமானத்துக்கு இந்தச் செலவு இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடுபாதை ஒன்றல்ல, மூன்று. கடற்கரையில் முக்கோணமாகப் போட்டிருக்கிறார்கள். 'போட்டிருக்கிறார்கள்' என்றால் கோடு எதுவும் கிடையாது. முனைகளில் மரக் கம்பங்கள் நட்டிருக்கும், அவ்வளவுதான். நீளமானது 846 மீட்டர், அடுத்தது 799, குட்டையானது 680. மூன்றையும் இரு பக்கமிருந்தும் பயன்படுத்தலாம் என்பதால், காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் ஏறக்குறைய அதற்கு நேராக இறங்க ஒரு வழி கிடைத்துவிடும். அட்லாண்டிக் காற்று அடிக்கும் ஊரில் இது சாதாரண விஷயமில்லை. சிறிய விமானத்துக்குப் பக்கவாட்டுக் காற்றுதான் பெரிய தொல்லை. பெரிய நகர விமான நிலையங்கள் பலவற்றிலேயே ஒரே திசையில்தான் ஓடுபாதை இருக்கிறது.

இப்போது கடலுக்கு வருவோம். இந்த விமான நிலையத்தின் கால அட்டவணையை அலுவலகத்தில் யாரும் தம் இஷ்டத்துக்கு எழுத முடியாது. நிலா எழுதுகிறது. ஒரு உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது கடல் ஏறி இறங்கும் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. இன்று காலை 9 மணிக்குக் கடல் முழுக்க வற்றியிருந்தால் நாளை 9:50, மறுநாள் 10:40. ஒரு வாரத்தில் பிற்பகல் ஆகிவிடும். விமான நேரமும் கூடவே நகரும். ஆனால் ஓதக் கணக்கு பல மாதம் முன்பே துல்லியமாகத் தெரியும் என்பதால், ஒரு பருவத்துக்கான அட்டவணையை அதை வைத்தே போட்டுவிடுகிறார்கள். இந்த வாரம் காலையில் இருக்கும் விமானம் அடுத்த வாரம் மத்தியானம் இருக்கும். புதிதாக வருபவர் குழம்புவார், ஊர்க்காரருக்கு அது அமாவாசை பௌர்ணமி தெரிவதுபோல.

சிக்கல் குளிர்காலத்தில்தான். கடற்கரையில் விளக்குகள் கிடையாது, வைத்தாலும் கடல் விடாது. எனவே பகல் வெளிச்சம் வேண்டும். டிசம்பரில் அங்கே பகல் ஆறரை ஏழு மணி நேரம்தான். அந்தப் பகலுக்குள் கடலும் விலகியிருக்க வேண்டும், மேகமும் தாழ்ந்துவிடக் கூடாது, காற்றும் அடங்கியிருக்க வேண்டும். பெரிய விமான நிலையங்களில் இருப்பதுபோல் கருவியின் துணையோடு தரை வரை கொண்டுவந்து சேர்க்கும் வசதி இங்கே கிடையாது. விமானி மணலைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். பார்க்க முடியாத நாளில் கடற்கரையை ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்பிப் போவதும் உண்டு. அவசர நோயாளி என்றால் மட்டும் இரவிலும் இறங்கியிருக்கிறார்கள். கடற்கரையில் வண்டிகளை நிறுத்தி முகப்பு விளக்குகளை எரியவிட்டு, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டைகளை மணலில் விரித்து வழிகாட்டுவார்கள்.

ஒவ்வொரு முறை கடல் விலகியதும் ஆள் போய்க் கடற்கரையைப் பார்த்தாக வேண்டும். ராத்திரி அலை மரக்கட்டையைக் கொண்டுவந்து போட்டிருக்கலாம், அறுந்த வலை கிடக்கலாம், கடற்பாசி குவிந்திருக்கலாம். எங்கேயாவது குட்டை தேங்கியிருந்தால் அதில் ஓடும் சக்கரம் சட்டென்று இழுபடும். சில நாள் அலை மணலை வரிவரியாகப் பின்னல் போட்டு இறுக்கிவிட்டுப் போயிருக்கும், அதன்மேல் ஓடினால் விமானமே கடகடவென்று அதிரும். வண்டியில் போய்ச் சுற்றிப் பார்த்து, எந்த ஓடுபாதை எப்படி இருக்கிறது என்று வானொலியில் விமானிக்குச் சொல்ல வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தார் ஓடுபாதையில் விரிசல் விட்டால் வருஷக்கணக்கில் டெண்டர் விட்டுச் சரிசெய்ய வேண்டும். இங்கே விமானம் கீறிவிட்டுப் போன தடத்தைக் கடல் அன்றைக்கே அழித்துவிட்டு, புதிதாகப் போட்ட மாதிரி திருப்பிக் கொடுக்கிறது.

கடற்கரை பொதுச் சொத்து. ஊர்க்காரர்கள் மட்டி பொறுக்க வருவார்கள், நாயோடு நடப்பார்கள். அதற்காக வேலி போடவில்லை. காற்றின் திசை காட்டும் நீளத் துணிக்குழாயைக் கம்பத்தில் ஏற்றினால் விமான நிலையம் வேலை செய்கிறது, யாரும் மணலில் இறங்கக் கூடாது என்று அர்த்தம். இறக்கிவிட்டால் போகலாம். அறிவிப்புப் பலகையிலும் அதையே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் இருந்த ஒரு மதியம், கையில் வாளியும் வாருகோலும் வைத்துக்கொண்டு ஒரு அம்மா சாலையோரம் நின்றிருந்தார். விமானம் எழும்பி மேற்கே திரும்பி மறைந்தது. துணிக்குழாய் இறங்கியது. அவர் குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மட்டி பொறுக்க இறங்கினார். ஐந்து நிமிடம் முன்பு விமானம் ஓடிய அதே இடத்தில்.

இறங்கும் அனுபவத்தைக் கேட்பீர்கள் என்று தெரியும். ட்வின் ஆட்டரில் விமானிகளுக்கும் நமக்கும் நடுவே நம்மைத் தள்ளி வைக்கும் கனமான கதவு கிடையாது. முன்வரிசையில் உட்கார்ந்தால் அவர்களுடைய தோளுக்கு மேலாகக் கண்ணாடி வழியே நேரே பார்க்கலாம். மல் தீவைக் கடந்ததும் கடல்தான். பிறகு பச்சைக் குன்றுகள், அவற்றின் நடுவே வெளிறிய மணல், அதன்மேல் கண்ணாடி போலத் தண்ணீர்ப் படலம். தண்ணீரிலேயே இறங்கப்போகிறோம் என்றுதான் தோன்றும். சக்கரம் தொடும்போது தார் ஓடுபாதையில் கேட்கும் 'கிறீச்' இல்லை. உஸ்ஸென்று ஒரு சத்தம், ஜன்னலில் சில துளி, அப்புறம் நின்றுவிட்டது. ஏணியில் இறங்கினால் முதல் காலடி மணலில். உப்பு வாடையும் எரிபொருள் வாடையும் கலந்து வரும். பெட்டிகளை ஒரு வண்டியில் வைத்து இழுத்து வந்து, கட்டடத்துக்கு வெளியே பேருந்து நிறுத்தம் போன்ற ஒரு கொட்டகையில் வைத்தார்கள். அவரவர் பெட்டியை அவரவர் எடுத்துக்கொண்டு போனோம். தீயணைப்பு உடுப்பில் நின்றவரே அடுத்த நிமிடம் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். இவ்வளவு சிறிய நிலையத்தில் ஒருவர் ஒரே வேலை பார்த்தால் கட்டுப்படியாகாது.

இதன் வரலாறு சுருக்கமாக. 1933 மே மாதம், இதே கடற்பகுதியில் தெற்கே இருக்கும் ஐலா தீவிலிருந்து உயிருக்குப் போராடிய ஒரு மீனவரை விமானத்தில் கிளாஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்காட்லாந்தின் விமான ஆம்புலன்ஸ் சேவைக்கு அதுதான் ஆரம்பம். அதைச் செய்த மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ஏர் ஃபெரீஸ் என்ற நிறுவனத்தின் விமானம் அதே ஆண்டு பாராவின் கடற்கரையிலும் இறங்கியது. 1936இல் அது முறையான விமான நிலையமானது. அன்றைக்கு ஓடியவற்றில் மரத்தாலும் துணியாலும் செய்த இரட்டை அடுக்கு இறக்கை விமானங்களும் உண்டு. பிறகு பலவகை விமானங்கள் வந்து போயின. 1970களின் நடுவிலிருந்து லோகன்ஏர். இன்று நிலையத்தை நடத்துவது ஸ்காட்லாந்து அரசுக்குச் சொந்தமான ஹைலண்ட்ஸ் அண்ட் ஐலண்ட்ஸ் ஏர்போர்ட்ஸ் நிறுவனம்.

நோயாளியிலிருந்து ஆரம்பித்த கதை என்பதால்தான் இதை வேடிக்கை என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். தீவில் சிறிய மருத்துவமனை ஒன்று இருக்கிறது. ஸ்கேன் எடுக்க, கண் அறுவை செய்ய, நிபுணரைப் பார்க்க வெளியே போயாக வேண்டும். கப்பல் உண்டு. காசில்பே துறையிலிருந்து ஓபன் நகரத்துக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அங்கிருந்து கிளாஸ்கோவுக்கு மறுபடி மூன்று மணி நேரச் சாலை. கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. வடக்கே எரிஸ்கே தீவுக்கு 40 நிமிடக் கப்பல் இருக்கிறது. 2001இல் கடலின் குறுக்கே போட்ட சாலை வழியாக அங்கிருந்து தெற்கு யூயிஸ்ட், பென்பெக்யுலா என்று போகலாம், ஆனால் அது இன்னொரு தீவுக்குத்தான் கொண்டுபோகும். எழுபது வயதுக்காரர் ஒருவர் பத்து நிமிட மருத்துவர் சந்திப்புக்காக மூன்று நாள் அலைவதா, காலையில் கிளம்பி மாலையிலோ மறுநாளோ வீடு திரும்புவதா என்பதுதான் அந்த விமானம் தீர்க்கும் கேள்வி.

19 இருக்கை விமானத்தை 1,200 பேர் உள்ள தீவுக்கு ஓட்டி லாபம் பார்க்க முடியாது. அதனால் அரசு இதைப் பொதுச் சேவைக் கடமை என்று அறிவித்திருக்கிறது. வாரத்துக்கு இத்தனை முறை, இந்தக் கட்டணத்துக்குள் ஓட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டு, விழும் துண்டைப் பொதுப்பணத்திலிருந்து கொடுக்கிறார்கள். வீண்செலவு என்று சொல்பவர்கள் அங்கேயும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மலைமேல் இருக்கும் பத்து வீட்டுக்குப் பேருந்து விடுவதும் இதே கணக்குதான். மனிதர்கள் அங்கே தொடர்ந்து வாழ வேண்டுமென்றால் சாலை வேண்டும், இவர்களுடைய சாலை வானத்தில் போகிறது.

அப்படியானால் ஏன் தார் போடக் கூடாது? இதற்கு என் கணிப்பைச் சொல்கிறேன். விமான நிலையம் இருப்பது தீவின் வடக்கே குறுகலான ஒரு கழுத்துப் பகுதியில். ஒரு பக்கம் இந்தக் கடற்கரை, மறுபக்கம் மணல்மேடுகளும் அட்லாண்டிக்கும். மற்ற இடமெல்லாம் பாறைக் குன்று. சமதரையாக இருப்பது பெரும்பாலும் சிப்பி மணல்மேல் புல் மூடிய நிலம், அங்கே மாக்கர் என்பார்கள். கோடையில் காட்டுப்பூக்களால் நிறைந்து, ஆடு மாடு மேய்ந்து, ஊரையே பிழைக்க வைக்கும் நிலம் அது. அதைத் தோண்டித் தார் ஊற்றினால் பெரும் செலவில் ஒரே ஒரு திசையில் ஒரு ஓடுபாதை கிடைக்கும். இப்போது செலவில்லாமல் மூன்று இருக்கிறது. பெரிய விமானம் வந்து இறங்கினாலும் அதை நிரப்ப ஆள் இல்லை. தார் இருந்தால் ஓதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், விளக்கு போடலாம், குளிர்கால ரத்துகள் ஓரளவு குறையும். அந்த லாபத்தை நான் மறுக்கவில்லை. தீவில் ஒரு பெரியவர், மூடுபனியால் தொடர்ந்து இரண்டு நாள் விமானம் வராமல் சகோதரியின் இறுதிச் சடங்குக்குப் போக முடியாமல் போனதை என்னிடம் சொன்னார். ஆனால் அவர் குறை சொன்னது மணலை அல்ல. "பனி வந்தால் தார் ரோடும் கண்ணுக்குத் தெரியாதுதானே" என்றார்.

போய்ப் பார்க்க ஆசைப்பட்டால் சில விஷயங்கள். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஒரு விமானத்துக்கு 19 பேர்தானே. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை பகல் நீளம், அதனால் ரத்து ஆகும் வாய்ப்பு குறைவு. திரும்பி வந்த அன்றைக்கே கிளாஸ்கோவிலிருந்து வேறு நாட்டுக்கு விமானம் பிடிக்கிற மாதிரி திட்டம் போடாதீர்கள், ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். மென்மையான பையாகக் கொண்டுபோங்கள், பெட்டிக்கு இடம் குறைவு. இறங்குவதைத் தரையிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் நிலையக் கட்டடத்தில் ஒரு சிற்றுண்டிக் கடை இருக்கிறது. சூடாக ஒரு சூப் வாங்கிக்கொண்டு வெளியே நின்றால் போதும், விமானம் கூப்பிடு தூரத்தில் வந்து நிற்கும். அது கிளம்பிப் போன பிறகு உடனே காரை எடுத்துக்கொண்டு ஓடிவிடாமல் இரண்டு மூன்று மணி நேரம் அங்கேயே சுற்றிக்கொண்டிருங்கள். முதலில் தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடு தெரியும். அது மெல்ல அகலமாகி, சக்கரத் தடங்களை ஒவ்வொன்றாக மூடி, மரக் கம்பங்களைச் சூழ்ந்துகொள்ளும். மாலைக்குள் ஓடுபாதை இருந்த இடத்தில் கடல்தான் இருக்கும்.